கால் விறைக்குது, டொக்டர்!

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே கதை: கால் விறைப்பு, ஊசிக்குத்து, எறும்பு ஊர்கிற மாதிரி, செருப்பு கழன்றதே தெரியவில்லை. ஆகவே தலையிடி, தடிமன் கேள்விகளை அடுத்த இதழுக்கு விட்டுவிட்டேன். அனுப்பியவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 61 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின் காலை ஒன்று, இரவு ஒன்று போடுகிறேன். நாங்கள் சுத்த சைவம். ஒரு வருடமாக இரண்டு பாதமும் பஞ்சில் மிதிப்பது போல இருந்தது. இரவில் எறும்பு ஊரும், போர்வை பட்டாலே எரியும். பாமசியில் நரம்புக்கு என்று ஒரு குளிசை தந்தார்கள். மூன்று மாதம் போட்டேன். இப்போது எரிவு குறைந்துவிட்டது, ஆனால் பாதம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கடைசியாகப் பார்த்த வெறுவயிற்றுச் சீனி 118. சீனி கட்டுப்பாட்டில் இருக்கும்போது ஏன் இப்படி? (கொக்குவில் வாசகி)

பதில்: ரீச்சர், போர்வை பட்டால் எரிகிறது என்று எழுதிய இடத்தில் நான் பயப்படவில்லை. "எரிவு குறைந்துவிட்டது" என்ற வரியைப் படித்தபோதுதான் பயந்தேன். எரிவும் ஊசிக்குத்தும் பழுதாகிக்கொண்டிருக்கும் நரம்பு போடுகிற சத்தம். நரம்பு இன்னும் பழுதானால் அந்தச் சத்தமும் அடங்கிவிடும். குளிசை வேலை செய்கிறது என்று நாங்கள் ஆறுதல்படுவோம்.

என் அம்மாவுக்கு நடந்தது இதுதான். இரண்டு வருடம் கால் எரிகிறது என்று இரவில் எழுந்து நடந்தவர், ஒரு மாதம் "இப்ப சுகம், பிள்ளை" என்றார். நானும் சந்தோசப்பட்டேன். ஒரு பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்தவர் விறாந்தையால் நடந்து குசினிக்குள் போனார். சீமெந்துத் தரையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு. பிடித்து இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தால், சின்னி விரலுக்குக் கீழே சோடாப் போத்தல் துண்டு ஒன்று, நகத்தளவு, உள்ளே போய் இருக்கிறது. "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது, சின்னி விரலையும் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒருவரையும் பாதம் பார்க்காமல் அனுப்புவதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 118 என்பது அன்றைக்கு விடிய உங்கள் இரத்தத்தில் இருந்த சீனி, அவ்வளவுதான். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிய எச்பிஏ1சி பார்க்க வேண்டும். இன்னொன்று, சீனி வருத்தம் கண்டுபிடிக்கப்படும் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு முன் சில வருடங்கள் சத்தமில்லாமல் இருந்திருக்கும். நரம்புக்கு அந்தக் கணக்கும் சேரும். சீனி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் நரம்பு பழுதாகிறது. இடுப்புப் பக்க முள்ளந்தண்டிலிருந்து பெருவிரல் வரை போகும் நரம்பு இழை கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். கிணற்றில் தண்ணீர் வற்றினால் கடைசிப் பாத்திதானே முதலில் வாடும்? அதனால்தான் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. முழங்காலை எட்டும் அளவில் கைவிரல்களிலும் தொடங்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் சீனியைவிட எனக்கு அதிகம் சந்தேகம் தந்தது வேறு இரண்டு தகவல்கள்: சுத்த சைவம், ஒன்பது வருட மெற்போமின். விற்றமின் பி12 மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் இருக்கிறது. முருங்கையிலையில் எத்தனையோ சத்து உண்டு, பி12 கிடையாது. நாள் ஒன்றுக்கு வேண்டியது வெறும் 2.4 மைக்றோகிராம். ஈரல் சில வருடத்துக்குப் போதுமானதைச் சேர்த்து வைத்திருக்கும், அதனால் குறைவு உடனே தெரியாது. மெற்போமினோ குடல் அந்த பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கிறது. சைவச் சாப்பாட்டில் பாலும் தயிரும் கொஞ்சமாகச் சேர்ப்பவர் கனகாலம் மெற்போமின் போட்டால் இருப்புக் கரைந்துவிடும். வாயுவுக்கு என்று வருடக்கணக்கில் ஒமிப்பிரசோல் போடுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. நாக்கு வழவழப்பாகி எரிகிறதா? முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடுகிறதா? மின்சாரம் நின்ற இரவில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிகிறதா? வடிவாக யோசித்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பி12 குறைவு காலோடு நிற்காமல் முள்ளந்தண்டு நரம்பையும் தொட்டிருக்கலாம்.

இதை இரத்தத்தில் பார்க்கலாம். பார்க்கும்போது பாமசிக் குளிசையின் பெட்டியையும் கொண்டுபோங்கள். அந்த வகைக் குளிசைகளில் பெரும்பாலும் பி1, பி6, பி12 மூன்றும் இருக்கும். மூன்று மாதம் போட்டபின் இரத்தத்தில் பி12 சரியாகத் தெரிந்தாலும் உடம்புக்குள் உள்ள குறை முழுதும் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. வைத்தியருக்கு இந்தத் தகவல் மிக முக்கியம். இன்னொரு விடயத்தை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பி6 கூடிய அளவில் கனகாலம் போனால் அதுவே நரம்பைப் பழுதாக்கும், அதே விறைப்பைத் தரும். போலிக் அசிட் மட்டும் போட்டால் இரத்தச்சோகை மாறிவிடும், நரம்புப் பழுது மட்டும் மறைந்திருந்து வளரும். ஆகவே காரணம் தெரியாமல் நரம்புக் குளிசை வாங்காதீர்கள். மெற்போமினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியோ குளிசையோ தருவார்கள், மெற்போமின் தொடரலாம்.

தைரோயிட், சிறுநீரகம் இரண்டையும் அதே முறை பார்த்துவிடுங்கள். அவை சோர்ந்தாலும் கால் விறைக்கும். உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தினமும் சாராயம் குடிப்பவர்களின் நரம்பும் இப்படித்தான் போகிறது. காசநோய்க்கு ஐசோனியசிட் போடுபவர்களுக்கு பி6 சேர்த்துக் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். சில புற்றுநோய் மருந்துகளும் பாதத்தை விறைக்க வைக்கும்.

கிளினிக்கில் பாதத்தைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலோன் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலிலும் விரலடி மேட்டிலும் தொட்டு, "படுகுதெண்டா ஓம் எண்டு சொல்லுங்கோ" என்பேன். போன மாதம் ஓர் ஐயா தொடாத நேரத்திலும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மனவருத்தம் வரக்கூடாது என்று சொன்னாராம். பிறகு ஒரு இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தேன். அதன் அதிர்வைக் கணுக்காலில் வைத்தபோதுதான் உணர்ந்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது. இந்தச் சோதனையை யாரும் உங்களுக்குச் செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கேட்பது பிழையில்லை.

எரிவு திரும்பி வந்தால் அமிற்றிப்டிலின், கபாபென்ரின், பிரிகபலின் போன்றவற்றில் ஒன்றைத் தருவார்கள். "இது மனவருத்தத்துக்குக் குடுக்கிற குளிசையாம்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள், பயந்து எறிந்துவிடாதீர்கள். அமிற்றிப்டிலினைச் சின்ன அளவில் கொடுப்பது நரம்பு நோவை அடக்கத்தான். ஆனால் இவை எரிவைக் குறைக்குமே தவிர, விறைப்பை மாற்றாது. தலைச்சுற்று வரலாம், இரவில் எழும்பும்போது கவனம்.

இனிப் பாதத்தின் காவல். எங்கள் ஊரில் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, கோயிலில் போடவே மாட்டோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதி மணலில் நடப்போம். பகல் வெயிலில் அந்த மணல் கொதிக்கும்போது விறைத்த கால் பொசுங்குவது தெரியாது. திருவிழா முடிந்த கிழமையில் உள்ளங்காலில் ஐந்து சதக் குத்தி அளவு கொப்புளத்தோடு வருபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வெயில் ஏறமுன் காலைப் பூசைக்குப் போங்கள். வீட்டுக்குள் நடக்க என்று கழுவிய செருப்பு ஒன்று தனியாக வைத்திருங்கள், பின்னால் பட்டி உள்ளதாக. படுக்கமுன் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்கையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இரண்டு கிழமைக்கு முன் வயிற்றோட்டம் வந்து சுகமாகிவிட்டது. மூன்று நாளாக இரண்டு பாதத்திலும் ஊசி குத்துகிறது என்றான். நேற்று மாடிப்படி ஏறும்போது கால் மடங்கி விழப் பார்த்தான். சத்துக் குறைவா? (மானிப்பாய் வாசகி)

பதில்: இந்தக் கடிதம் கையில் கிடைத்த பின்னேரமே அந்தத் தாயோடு தொலைபேசியில் கதைத்தேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், காலை வரை பார்க்க வேண்டாம் என்றேன். அவர்கள் கெதியாகப் போனார்கள். தம்பிக்கு வந்திருந்தது கிலன்-பாரே நோய். வயிற்றோட்டக் கிருமியையோ சளிக் கிருமியையோ எதிர்த்த உடம்பின் காவல்படை, ஆள் மாறித் தன் நரம்பையே தாக்குவதுதான் இது. விறைப்பும் பலவீனமும் பாதத்திலிருந்து நாட்கணக்கில், சிலருக்கு மணிக்கணக்கில் மேலே ஏறும். நெஞ்சுத் தசைக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் அவசரம். இமியூனோகுளோபுலின் ஏற்றினார்கள், மூச்சை அளந்துகொண்டே இருந்தார்கள். தம்பி இப்போது தடியோடு முற்றத்தில் நடக்கிறார். பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள், அதற்கு மாதங்கள் எடுக்கும். தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வருகிற விறைப்பு வேறு, திடீரென்று வருவது வேறு. நாட்கணக்கில் ஏறுவது, ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து திடீரென்று விறைத்து வாய் கோணுவது, நாரிநோவோடு தொடையிடுக்கும் இருக்குமிடமும் மரத்து சலம் போகாமல் நிற்பது, இவற்றில் எது என்றாலும் அந்த நிமிடமே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள்.

கேள்வி: வெங்காயத் தோட்டம் செய்கிறேன், வயது 34. களை பிடுங்கி இரண்டு நாள் குந்தியிருந்தேன். எழும்பியதும் வலது காலின் வெளிப்பக்கமும் மேற்பாதமும் விறைத்துவிட்டது. பாதத்தை மேலே தூக்க ஏலாது. செருப்பு இழுபடுகிறது. நோ இல்லை. (புன்னாலைக்கட்டுவன் வாசகர்)

பதில்: தம்பி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் கையால் தடவிப் பாருங்கள். ஓர் எலும்பு மொழி தட்டுப்படும். அந்த மொழியைச் சுற்றி, தோலுக்கு மிகக் கிட்ட ஒரு நரம்பு போகிறது. கனநேரம் குந்தினால் அது நசிந்துவிடும். கால்மேல் கால் போட்டு இருப்பவர்களுக்கும் இது வரும். ஒரு கால், ஒரு பக்கம், குந்திய பிறகு தொடக்கம் என்று நீங்கள் எழுதிய மூன்றுமே அதைத்தான் காட்டுகின்றன. நாரிநோ இருந்து, அது பிட்டத்தால் இறங்கிக் காலுக்கு வருவது என்றால் முள்ளந்தண்டு வட்டு விலகி நரம்பை நசிக்கிறதோ என்று சந்தேகித்திருப்பேன்.

நரம்பின் உறை மட்டும் நசிந்திருந்தால் சில கிழமைகளில் மாறிவிடும். உள்ளே இழை அறுந்திருந்தால் அது நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் வளரும், மாதக்கணக்கு ஆகும். இந்த அறுவடை முடியுமட்டும் குந்த வேண்டாம். நாலு விரற்கிடை உயரப் பலகைக்கட்டை ஒன்றைப் போட்டு இருந்து, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நில்லுங்கள். பாதம் தூக்க முடியாமல் இருப்பதால் இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் தோலையும் பார்க்கட்டும். தொழுநோயும் இதே நரம்பைத்தான் தடிக்க வைக்கும். உடம்பில் எங்காவது வெளிறிய, கிள்ளினாலும் தெரியாத தேமல் இருந்தால் மறைக்காதீர்கள். ஆறு மாதம், கூடினால் பன்னிரண்டு மாத மருந்து, இலவசம், முழுதாக மாறும். மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றுகிற பயமும் போய்விடும். மறைத்தால்தான் விரல் போகும்.

கேள்வி: அப்பா 40 வருடமாகச் சுருட்டுப் பிடிக்கிறார். சந்தி வரை நடந்தால் கெண்டைக்கால் பிடித்து விறைக்கிறது, நின்றால் விடுகிறது. ஒரு பாதம் குளிர்ந்து கிடக்கிறது. (வேலணை வாசகர்)

பதில்: இது நரம்பில்லை, இரத்தக் குழாய் அடைப்பு. சுருட்டை இன்றைக்கே விட வேண்டும். இரவில் படுத்திருக்கும்போதும் நோ வந்தாலோ, விரல் கறுத்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: கால் விறைப்புக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசி, நொச்சி ஒத்தடம் கொடுக்கலாமா? (சாவகச்சேரி வாசகி)

பதில்: எண்ணெய் பூசுங்கள் அக்கா, தோல் வெடிக்காமல் இருக்கும். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் நின்று புண்ணாகும். ஆனால் சூடும் ஒத்தடமும் கூடவே கூடாது. விறைத்த காலுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. வெந்த பிறகுதான் நாங்கள் பார்ப்போம். குளிக்கிற சுடுதண்ணீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் காலில் ஊற்ற வேண்டும்.

நல்லெண்ணெய் என்றதும் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது மலையகத்துப் பிள்ளைகள். 1977, 78இல் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கால் விறைத்து, பாதம் தொங்கி, நடக்க முடியாமல் போனது. பெரும்பாலும் சாமத்தியப்பட்ட பிள்ளைகள். பேராதனை வைத்தியர்கள் தேடிப் பார்த்ததில், சாமத்தியப்பட்டால் குடிக்கக் கொடுக்கிற நல்லெண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேற் என்ற இரசாயனம் கலந்திருந்தது. 1981இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியாகி உலகம் அறிந்த சம்பவம் அது. வேறு எண்ணெய் வைத்த கொள்கலனில் நல்லெண்ணெயை ஊற்றியதால் கலந்திருக்கலாம் என்று கருதினார்கள். எண்ணெயில் குற்றமில்லை, பாத்திரத்தில்தான் குற்றம். எங்கள் தோட்டக் கொட்டில்களில் பூச்சிமருந்துக் கலன்களைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் எடுப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கலன்களைக் குத்தி உடைத்து விடுங்கள், எத்தனைமுறை கழுவினாலும் வேண்டாம். சில வகைப் பூச்சிமருந்துகள் உடம்புக்குள் போனால், ஆள் பிழைத்து வீடு வந்த இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகும் இதே மாதிரிக் கால் விறைத்துப் பாதம் தொங்கும்.

கேள்வி: மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். செயற்கைக் காலோடு கடை நடத்துகிறேன். இல்லாத பெருவிரலில் இரவில் ஊசி குத்துகிறது, விரல்கள் மடங்கி இறுகுகிற மாதிரி இருக்கிறது. சொன்னால் மனைவிகூட நம்பவில்லை. எனக்கு மனக்கோளாறா? (பளைப் பக்க வாசகர்)

பதில்: இல்லை ஐயா. உங்கள் மனத்தில் ஒரு கோளாறும் இல்லை. இந்தப் பதிலை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. சேதி வராத அந்த இடம் தானாகவே உணர்வுகளை எழுப்புகிறது. வெட்டுப்பட்ட நரம்பு நுனி முடிச்சாக வளர்ந்து, அங்கிருந்தும் ஊசிக்குத்துக் கிளம்பலாம். கால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஒரு நேரம் இது வருகிறது. எங்கள் ஊரில் எத்தனை பேர் இதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சுமந்துகொண்டு இருப்பார்கள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு கனக்கிறது.

முதலில் குத்தியை, அதாவது வெட்டுப்பட்ட காலில் மிஞ்சிய பகுதியை, சோதிக்க வேண்டும். செயற்கைக் காலின் கிண்ணம் இறுக்கமா, தோல் உரசிப் புண்ணாகி இருக்கிறதா, தட்டினால் மின்சாரம் அடிக்கிற இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே ரீச்சருக்குச் சொன்ன அதே நரம்பு நோ மருந்துகள் உங்களுக்கும் உதவலாம்.

செலவில்லாத ஒரு பயிற்சியும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கைக்கு என்று கண்டுபிடித்தது, பிறகு காலுக்கும் செய்தார்கள். அலுமாரிக் கண்ணாடி அளவில் ஒரு கண்ணாடியை எடுத்து, விளிம்பைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். கட்டிலில் காலை நீட்டி இருந்து, கண்ணாடியின் முகம் வலது காலைப் பார்க்கும்படி இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்துங்கள். குத்தி கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இனிக் கண்ணாடிக்குள் பாருங்கள். இடது பாதம் இருக்கிற மாதிரித் தெரியும். வலது விரல்களை மெல்ல விரித்து மடக்குங்கள், மனத்தால் இடது விரல்களையும் அப்படியே விரியுங்கள். இறுகிக் கிடந்த விரல் விரிவதை மூளை கண்ணால் காண்கிறது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை, ஆனால் தந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் கண்கலங்கினால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் செய்யுங்கள். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், மனைவியைப் பக்கத்தில் இருந்து கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். நாலு கிழமை கழித்து எனக்கு எழுதுங்கள். அப்படியே ஒருமுறை சீனியும் பார்த்துவிடுங்கள். இருக்கிற அந்த வலது பாதத்தை நான் மறந்துவிடவில்லை.